பென்ஷன் வந்த ஹவில்தாரிடம் கேட்கப்படும் கேள்விகள்

நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் பென்ஷன் வந்தவனைப் பார்த்தால், "அங்கே ஏதோ பண்ணிட்டு வந்துட்டான் போல" என்ற சந்தேகம்தான் பலருக்கும் முதலில் வரும். நேரே கேட்க மாட்டார்கள். "இன்னும் வயசு இருக்கே தம்பி, உடம்புக்கு ஏதாவதா?" என்று சுற்றி வளைப்பார்கள். அரசு வேலை என்றால் அறுபது வயது என்பது எல்லோர் மனதிலும் பதிந்துபோன கணக்கு. ராணுவத்தில் ஜவானுக்கு அந்தக் கணக்கு கிடையாது, பதவிக்கு ஏற்ற சேவைக் காலம்தான் உண்டு. என்னைப் போன்ற ஹவில்தாருக்கு (ஜவான்களில் மூத்த பதவி) 24 ஆண்டு, தகுதி இருந்தால் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. பதினெட்டு பத்தொன்பதில் சேர்ந்தவன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் வெளியே வந்தே தீரவேண்டும். படை இளமையாக இருக்க வேண்டும் என்று வைத்த விதி அது. யாரும் எங்களைத் துரத்தவில்லை.

அடுத்த கேள்வி எங்கே போனாலும் ஒன்றுதான். "எத்தனை பேரைச் சுட்டீங்க?"

நான் ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. கோரில் வெஹிக்கிள் மெக்கானிக். துப்பாக்கிப் பயிற்சி எல்லோருக்கும் உண்டு, ஆண்டுதோறும் ஃபயரிங்கும் உண்டு. ஆனால் என் கையில் அதிக நேரம் இருந்தது ஸ்பேனர். காலாட்படைக்காரர் முன்னால் நிற்பதற்கு தகவல்தொடர்பு பார்க்கும் சிக்னல்ஸ், உணவும் எரிபொருளும் அனுப்பும் ஏ.எஸ்.சி., தளவாடம் பார்க்கும் ஆர்ட்னன்ஸ், மெடிக்கல் என்று பின்னால் ஒரு பெரிய கூட்டமே வேலை செய்கிறது. கிளார்க் உண்டு, சமையல்காரர் உண்டு, ஸ்டோர்மேன் உண்டு. லடாக்கில் நான் போட்ட சண்டை முழுக்க டீசலோடுதான். குளிரில் டீசலில் இருக்கும் மெழுகு திரண்டு ஃபில்டரில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் இருமும், நின்றுவிடும். மண்ணெண்ணெய் கலப்போம். ராத்திரியில் எழுந்து போய் ஸ்டாலியன் லாரிகளை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு வருவோம். கையுறையைக் கழற்றினால்தான் சின்ன நட்டைப் பிடிக்க முடியும். கழற்றினால் இரும்பில் விரல் ஒட்டும். இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது 2019-ல்தான். இதையெல்லாம் சொன்னால் கேட்டவர் முகம் தொங்கிவிடும். "ஓ, மெக்கானிக்கா" என்பார். அந்த 'ஓ'வில் ஒரு ஏமாற்றம் இருக்கும் பாருங்கள், அதற்கு நான் இன்னும் பழகவில்லை.

சரி, பென்ஷன் வந்த கதைக்கு வருகிறேன். "உங்களுக்கென்ன, எல்லாத்தையும் கவர்மென்ட்டே பாத்துக்கும்" என்பது அடுத்த நம்பிக்கை. பார்த்துக்கொள்ளும், காகிதம் சரியாக இருந்தால். திருமணம், குழந்தை பிறப்பு எல்லாமே பார்ட் டூ ஆர்டர் என்ற அலுவலக ஆணையாக வெளியாகி ரெக்கார்ட்ஸில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால், ராணுவத்தைப் பொறுத்தவரை அந்த மனைவியும் பிள்ளையும் கிடையாது. என் மனைவி பெயர் பார்ட் டூ ஆர்டரில் அப்பா பெயரோடு நீளமாக இருந்தது. ஆதாரில் ஒற்றை இனிஷியல். பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால். நமக்கு மூன்றும் ஒருவர்தான். வடநாட்டு கிளார்க் கண்ணுக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள். "சர்நேம் எது?" என்று அவர் கேட்க, எங்களுக்கு சர்நேமே கிடையாது என்று நான் விளக்க, அவர் சந்தேகமாகவே பார்க்க, கடைசியில் அஃபிடவிட் போட்டு எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிய பிறகுதான் பென்ஷன் பேப்பர் நகர்ந்தது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் குடும்பப் பென்ஷன் அந்தப் பெயருக்குத்தான் போகும் என்பதால் இதில் சோம்பல் பார்க்க முடியாது.

வெளியே அனுப்புமுன் ரிலீஸ் மெடிக்கல் போர்டு என்று ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. பட்டாளத்துக்காரன் உடம்பு இரும்பு என்று நம்புகிறவர்கள் அந்த வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முட்டி தேய்ந்தவர், பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமானவர், பி.பி. மாத்திரைக்காரர் எல்லோரும் வரிசையில் இருப்பார்கள். ஷேப் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: மனநலம், செவி, கைகால், உடல்திறன், கண். இதில் இறங்கிவிட்டால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை, பலர் லோ மெடிக்கல் கேட்டகரியிலேயே ஆண்டுக்கணக்கில் பணி செய்கிறார்கள். ஊனப் பென்ஷனும் கேட்டவுடன் கிடைப்பதல்ல. பாதிப்பு பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று ஏற்க வேண்டும், அளவும் 20 சதவீதமாவது இருக்க வேண்டும்.

செகந்திராபாத்தில் டிஸ்சார்ஜ் டிரில் என்னும் விடுவிப்பு நடைமுறைகளை முடித்து ஊர் வந்தேன். அடுத்தது பணம். கோடி ரூபாய் வந்திருக்கும், ஐந்து ஏக்கர் நிலம் சும்மா கொடுப்பார்கள், வரி கிடையாது என்று எங்கள் தெருவே பட்ஜெட் போட்டுவிட்டது. பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி. அதில் ஒரு பகுதியை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கினால், மாதப் பென்ஷன் அந்த அளவுக்குக் குறையும், 15 ஆண்டு கழித்துத்தான் முழுதாகத் திரும்பும். மாதப் பென்ஷன் குறைவதை யாரும் காதில் வாங்குவதில்லை, "மொத்தமா வாங்கினீங்களாமே" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். வரியும் உண்டு. பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா வாங்கியவர்களின் பென்ஷனுக்கு விலக்கு இருக்கிறது. நான் வாங்கியது நீண்ட சேவை மெடல். நிலம் எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

பேங்கில் இருந்த ஒரு பெண் எதிர்ப்பக்கமாகக் கேட்டார்: "இப்பத்தான் மிலிட்டரிக்குப் பென்ஷனே இல்லையே சார்?" அவர் சொன்னது அக்னிவீர்களை. ராணுவத்துக்குக் குறுகிய காலத்துக்கு ஆள் எடுக்க 2022-ல் வந்த திட்டம் அது. நான்கு ஆண்டு, அதன் பிறகு அதிகபட்சம் கால்வாசிப் பேர் நிரந்தரம், மற்றவர்களுக்கு சுமார் 11.7 லட்சம் சேவா நிதி, பென்ஷன் இல்லை. அதற்கு முன் சேர்ந்த எங்களுக்குப் பழைய விதிதான். ஜவானுக்குக் குறைந்தது 15 ஆண்டு சேவை இருந்தால் பென்ஷன். அந்தப் பெண் சொன்னதைக் குறையாக நினைக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ராணுவ கேன்டீனில் கிடைக்கும் மது விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. நான் குடிப்பதில்லை. இதை யாரும் நம்புவதில்லை, அதுகூடப் பரவாயில்லை. சேவையில் இருந்தபோது வைத்திருந்த கேன்டீன் கார்டை ஒப்படைத்துவிட்டு, முன்னாள் படைவீரர் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த நேரத்தில், விசேஷத்துக்கு ரெண்டு, மச்சான் வர்றார் ஒண்ணு என்று ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. இலவசம் என்று நினைக்கிறார்கள். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், பதவிக்கு ஏற்ப மாதக் கோட்டா உண்டு, வாங்கி வெளியே விற்றால் கார்டே போகும். இவ்வளவும் சொன்னபின் ஒருவர், "அப்போ நம்ம ரெண்டு பேருக்குள்ள தெரியாம" என்றார்.

லீவு பற்றி இரண்டு கட்சி. லீவே தரமாட்டார்கள் என்பது ஒன்று, இவன் எப்போதும் லீவில்தான் இருந்தான் என்பது இன்னொன்று. ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல். மொத்தமாக வந்து நிற்கும்போது கண்ணில் படுகிறோம், வராத மாதங்களை யார் எண்ணுகிறார்கள்?

இதெல்லாம் சிரித்துக் கடக்கக்கூடியவை. வேலை தேடும்போதுதான் இந்தத் தப்பெண்ணங்கள் வயிற்றில் அடித்தன. "எக்ஸ் சர்வீஸ்மேனா, கவர்மென்ட் வேலை கையில வந்து விழுமே" என்றார்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. வயதில் சேவைக் காலத்தையும் அதற்கு மேல் மூன்று ஆண்டையும் கழித்துக்கொள்ளலாம். பத்தாவது படித்து 15 ஆண்டு சேவை முடித்தவரைச் சில குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தேர்வை நாம்தான் எழுத வேண்டும். இருபது வருடம் கழித்து சதவீதக் கணக்குப் போடுவது அவ்வளவு லேசில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தனியாரிலும் தேடினேன்.

ஒரு நிறுவனத்தில் நேர்காணல் ஐந்தே நிமிடம். "நீங்கள் கோபப்படுவீர்களா?" என்று கேட்டார்கள். "மேலே சொன்னால்தானே செய்து பழக்கம், சொந்தமாக முடிவெடுப்பீர்களா?" என்றும் கேட்டார்கள். வண்டி நடுவழியில் நின்று, ரேடியோவும் எடுக்காத இடத்தில், எதைக் கழற்றி எதில் மாட்டுவது என்று முடிவு செய்தது நான்தான் என்று சொல்லியும் பயனில்லை. "செக்யூரிட்டி சூப்பர்வைசர் இருக்கிறது" என்றார்கள். செக்யூரிட்டி வேலை கேவலம் என்று சொல்லவில்லை, என் நண்பர்கள் பலர் அதில்தான் இருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் வேறெதுவும் அவர்களுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் உறைத்தது. மேசையின் அந்தப் பக்கம் இருந்தவர், போகும்போது எழுந்து நின்று சல்யூட் வேறு அடித்தார். எனக்கு அந்த சல்யூட்டைவிட ஒர்க்‌ஷாப்பைக் காட்டியிருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு பயோடேட்டாவைத் திருத்தினேன். பதவி, மெடல், பணியாற்றிய எல்லைப் பகுதி எல்லாம் கடைசிப் பக்கத்துக்குப் போயின. முதல் பக்கத்தில் கனரக வாகனப் பராமரிப்பு, டீசல் இன்ஜின் ஓவர்ஹால், உதிரிபாக இருப்புக் கணக்கு, கீழே வேலை செய்த மெக்கானிக்குகளின் எண்ணிக்கை. பேருந்து, லாரிகள் வைத்திருக்கும் ஒரு போக்குவரத்து நிறுவனம் கூப்பிட்டது. ஏர் பிரேக்கில் காற்று கசிவதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பதிலேயே பேச்சு பாதி நேரம் போனது. மீதி நேரம் ஷெட்டில் நின்ற ஒரு லாரிக்கு அடியில். அடுத்த மாதமே சேர்ந்துவிட்டேன்.