ஒரு மாதம், ஏழு புத்தகம்: காலை வாரியதெல்லாம் பதிப்புதான்

இந்த மாதத்துக்கென்று ஏழு புத்தகம் எடுத்து வைத்ததில் ஐந்து முடிந்தன, ஒன்றைக் கைவிட்டேன், ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேரம் போதாமல் எதுவும் நிற்கவில்லை. தடுக்கிய இடத்திலெல்லாம் காரணம் கையிலிருந்த பதிப்புதான். அதனால் கதை எப்படி என்பதைவிட, பிரதி எப்படி என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

சிறுகதைத் தொகுப்பு நான்கு நாளில் முடிந்தது. ஒரு நாளைக்கு மூன்று கதைக்கு மேல் போகாதீர்கள், ஒன்றின் சாயல் அடுத்ததில் ஏறிவிடும். தன்வரலாற்றை ஒலிநூலாக 1.25 வேகத்தில் கேட்டேன், சுகமாகப் போனது.

முதல் அடி நாவலில் விழுந்தது. 192ஆம் பக்கத்தின் கடைசி வரி பாதி வாக்கியத்தில் நிற்கிறது. எதிர்ப் பக்கம் 209. அங்கே யாரோ இறந்து, அழுகையும் ஓய்ந்துவிட்டது. யார் இறந்தார்கள் என்றே தெரியவில்லை. நடுவில் ஒரு ஃபாரம், 16 பக்கம், பைண்டிங்கில் விடுபட்டிருக்கிறது. அச்சான பெரிய தாளை மடித்தால் பெரும்பாலும் 16 பக்கம் வரும். அந்த மடிப்புகளை வரிசையாக அடுக்கித்தான் தைப்பதும் ஒட்டுவதும். அடுக்கும்போது ஒன்று தவறினால் 16 பக்கமும் சேர்ந்தே போகும். சில பிரதிகளில் 177 முதல் 192 வரை இரண்டு தடவை வந்து, அடுத்த ஃபாரம் இருக்காது. அப்போது புத்தகத்தின் கனத்தை வைத்துக்கூடச் சந்தேகம் வராது. ஆகவே வாங்கிய அன்றே 16, 32, 48 என்று ஒவ்வொரு எல்லையிலும் அடுத்த பக்க எண் சரியாகத் தொடர்கிறதா என்று பாருங்கள். 400 பக்க நூலுக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. முன்னுரைக்குத் தனி எண் கொடுத்திருந்தால் எல்லை சற்றுத் தள்ளிப்போகும். தையல் நூல் தெரியும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அது மடிப்பின் நடு; அங்கிருந்து 8 பக்கம் தள்ளி எல்லை வரும், அதிலிருந்து 16 16 ஆக எண்ணலாம்.

விற்ற இடத்தில், படித்த புத்தகத்தை மாற்ற முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். 192 பக்கம் படித்தால்தானே குறை தெரியும்! பதிப்பகத்துக்கு மூன்று படம் அனுப்பினேன்: அட்டை, பதிப்பு விவரப் பக்கம், 192உம் 209உம் எதிரெதிராகத் தெரியும்படி விரித்த பக்கம். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள், ஒன்பதாம் நாள் மாற்றுப் பிரதி வந்தது. அதற்குள் கதையின் சூடு ஆறிவிட்டதால் 170இலிருந்து மறுபடி தொடங்கினேன். இறந்தது யார் என்று தெரிந்த பக்கத்தில் மனசு கனத்து, அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை.

அடுத்தது ஒரு ருஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பு. அட்டையில் ‘தமிழில்’ என்று மட்டும்தான் இருந்தது. ஆங்கிலம் வழியாக வந்தது என்பது பதிப்பு விவரப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கிறது. இதில் என்ன கெட்டுப்போகும்? ருஷ்ய மொழியிலும் நம்மைப்போலவே நீ, நீங்கள் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அங்கிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர் ஊகித்துத்தான் போட வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் கணவனை ‘நீங்கள்’ என்ற மனைவி, ஏழாம் அத்தியாயத்தில் ‘நீ’ என்கிறாள். இருவருக்கும் ஏதோ முறிந்துவிட்டது என்று நம்பி இரண்டு அத்தியாயம் படித்தேன். முறியவே இல்லை. மூலத்திலிருந்து நேராக வந்த மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால், விளிக்கும் சொல்லை வைத்து உறவை எடை போடாதீர்கள்.

பெயர்க் குழப்பம் வேறு. ஒரே ஆளுக்குச் சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர், செல்லப் பெயர் என்று நான்கு. இவான்தான் வான்யா. அலெக்சாந்தரும் சாஷா, அலெக்சாந்திராவும் சாஷா. புத்தகத்தில் பாத்திரப் பட்டியல் இல்லையென்றால் ஒரு அட்டையில் நீங்களே எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். 40 பக்கம் தாண்டியபின் தொடங்கினால் பயனில்லை.

பழைய பயண நூல் ஒன்றின் ஸ்கேன் பிரதியை 6 அங்குலத் திரையில் படித்தது கண்ணுக்குத் தண்டனை. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது பக்கத்தின் படம், எழுத்தை மட்டும் பெரிதாக்க வராது. ஓரங்களை வெட்டிவிட்டு, கருவியைப் படுக்கைவாட்டில் பிடித்தால் அரைப் பக்கமாவது தெளிவாகத் தெரியும். படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளான எழுத்துணரி மூலம் உரையாக மாற்றிய பிரதி இன்னும் மோசம். துணைக்கால் எல்லாம் ‘ர’ ஆகி, ‘வாரம்’ என்பது ‘வரரம்’ என்று நின்றது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வைத்த கொம்போடு இருக்கும், ணா, றா, னா வேறு வடிவில் இருக்கும். எழுத்துணரி அங்கே தடுமாறியே தீரும். படப் பிரதியே மேல். பத்துப் பக்கத்தில் பழைய எழுத்து கண்ணுக்குப் பழகிவிடும்.

கைவிட்டது வரலாற்று நூல். அரசர் பெயரும் ஆண்டும் அடுக்கிவரும் நூலைக் காதால் வாங்கவே முடியவில்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் ஓட்டினேன். அது அச்சில் படிக்க வேண்டியது.

கடைசியாகக் குறுந்தொகை. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு, பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிதானே என்று, உரையில்லாத மூலப் பதிப்பில் நாளைக்குப் பத்துப் பாட்டு என்று தொடங்கினேன். ஆறாம் நாள் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தங்கவில்லை. அந்தப் பதிப்பில் கூற்றுக் குறிப்பு இல்லை. தலைவி சொல்கிறாளா, தோழி சொல்கிறாளா, அதைக் கேட்டு மறைவில் நிற்பது யார் என்பது தெரியாமல் பாட்டு திறக்காது. தோழியின் கோபத்தைத் தலைவியின் கோபமாகப் படித்துக்கொண்டிருந்தேன். சொல் பிரித்த மூலம், திணை, கூற்று, சொற்பொருள் நான்கும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். உ.வே.சா.வின் 1937 பதிப்பில் கூற்றும் பதவுரையும் விளக்கமும் இருக்கின்றன. அதற்கு மாறி, முதல் பாட்டிலிருந்து நாளைக்கு ஐந்தாகக் குறைத்தேன். பாட்டை வாய்விட்டு ஒருமுறை, பிறகு கூற்று, பிறகு உரை, மறுபடி பாட்டு. செம்புலப்பெயனீரார் பாட்டில், புலவருக்கே பெயராகிவிட்ட அந்த உவமைக்கு இரண்டாம் தடவை வந்தபோது உரை தேவைப்படவில்லை.

20 நாளில் 100 பாட்டு ஆயிற்று. மீதி 301. இதே கணக்கில் போனால் இன்னும் இரண்டு மாதம்.