குக்கர் விசிலோடு வந்த தோடி

மெல்போர்னில் எங்கள் பகுதி நூலகத்தில் உள்ளூர்க் கலைஞர்கள் சிலர் தாங்கள் புதிதாகப் பதிவு செய்த இசையை அறிமுகப்படுத்தினார்கள். செலோவில் மேலை இசைமேதை பாக் கொஞ்சம், அவர்களே அமைத்த இன்றைய இசை கொஞ்சம். முடிந்ததும் டீ குடிக்கும் இடத்தில் டிரம்ஸ் வாசித்தவர் என் ஊரைக் கேட்டார். இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே என்றார். காரைக்குடி என்றேன்.

"மணியோட காரைக்குடியா?" என்றார் அந்த வெள்ளைக்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேசையில் விரலால் ஒரு கோர்வை, மும்முறை வரும் தாளக்கட்டு, போட்டுக் காட்டினார். மூன்றாம் முறை முடிந்தபோது சரியாகத் தாளம் தொடங்கும் சமத்தில் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து செட்டிநாடு என்றால் சிக்கன் என்றுதான் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரை ஒலியால் அறிந்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். சந்தோஷத்தோடு ஒரு குத்தலும் இருந்தது. இருபத்தைந்து வயதுவரை அந்த ஊரில் இருந்தும் மிருதங்க வித்வான் காரைக்குடி மணி சார் கச்சேரி ஒன்றைக்கூட நான் நேரில் கேட்டதில்லை. 2023இல் அவர் காலமாகிவிட்டார்.

ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவும் காரைக்குடி மணியும் சேர்ந்து வாசித்த 'இன்டு தி ஃபயர்' ஆல்பத்தை அந்த டிரம்ஸ்காரர்தான் எனக்குக் கொடுத்தார். 86ஆம் எண் டிராமில் போகும்போது கேட்டேன். மிருதங்கம் விட்ட இடத்தை ஊதுகருவிகள் பிடித்துக்கொள்கின்றன. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

அன்றிரவே அப்பச்சிக்கு, என் அப்பாவுக்கு, போன் போட்டேன். "வீணைன்னாலும் நம்ம ஊருதான் ஆத்தா" என்று ஆரம்பித்துவிட்டார். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பாராம். இளையவர் சாம்பசிவய்யர் எல்லோரையும்போல மடியில் கிடத்தித்தான். அவருக்கு 1952இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. பேச்சு அப்படியே ஏவி.எம். மெய்யப்ப செட்டியாருக்குப் போனது. இசைத்தட்டு வியாபாரத்தில் இறங்கியவர், பிறகு யுத்த காலத்தில் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோவே போட்டார். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கேதான் எடுக்கப்பட்டது. ஒலியைப் பிடித்து வைப்பது எங்கள் ஊருக்குப் புது வித்தை இல்லை.

அப்படியிருந்தும் என் கல்யாணத்தில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

என் திருப்பூட்டுக்கு, அதாவது தாலி பூட்டும் சடங்குக்கு, நாயனம் வாசித்தவர் என் ஆத்தா அப்பச்சி திருப்பூட்டுக்கும் வாசித்தவர். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், நின்று அவர் ஊதினால் முகப்பில் பந்தி விசாரிக்கும் ஆள்கூட ஒரு கணம் நிற்பார். மூன்று மாதம் கழித்து வீடியோ வந்தது. எங்கள் தாலியான கழுத்தூரு பூட்டும் இடத்தில் கெட்டிமேளம் இல்லை. அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டு. மூலப் பதிவைக் கேட்டால், இடம் இல்லையென்று அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த நாயனக்காரர் இப்போது இல்லை. இத்தனை கல்யாணத்துக்கு வாசித்தவருடைய ஒரு ராகம்கூட எங்களிடம் இல்லை. எத்தனை வீட்டு வீடியோவில் இப்படி நாயனத்தை எடுத்துவிட்டுப் பாட்டை ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. படத்தில் அவர் கன்னம் உப்புகிறது, விரல் ஓடுகிறது, சத்தம் மட்டும் வேறு யாருடையதோ.

இதையெல்லாம் அண்ணன் மகனிடம் கொட்டினேன். அவன் கல்லூரியில் படிக்கிறான், கிட்டார் வாசிப்பான். "அயித்தை, நம்ம வளவுலயே பதிஞ்சா என்ன?" என்றான். நூலகத்தில் வாசித்த மெல்போர்ன்காரர்கள் தங்கள் இசையை ஒரு தேவாலயத்தில் பதிந்திருந்தார்கள். கூரை உயரமாக இருந்தால் ஒலி மெல்ல அடங்கும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் வளவைவிடவா? ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், பர்மா தேக்குத் தூண், நடுவில் திறந்த வானம்.

நான் இங்கே நன்றாகவே காலூன்றிவிட்டேன். ஒரே நாளில் வெயிலும் மழையும் குளிரும் வந்தாலும் இப்போதெல்லாம் அசருவதில்லை. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க, அதாவது மாவில் திரியேற்றி விழுங்க, நகரத்தார் வீடுகள் ஒன்றுகூடுகிறோம். மாவும் திரியும் குறைவில்லாமல் நடக்கிறது. ஆனால் போன வாரம் அவன் அனுப்பிய பதிவு வந்ததிலிருந்து காலை டிராமில் நான் போவது வேலைக்கா, எங்கள் வீட்டு இரண்டாங்கட்டுக்கா என்று சொல்ல முடியவில்லை.

முதல் பதிவு தோடி ராகம். பக்கத்துத் தெருப் பெண்ணின் வீணை. மந்தரத்தில், கீழ் ஸ்தாயியில், அவள் ஒரு மீட்டு மீட்டிவிட்டுக் காத்திருக்கிறாள், நீளும் அந்தக் கார்வை தூண்களைச் சுற்றிவிட்டு வருகிறது. அது அடங்கும் இடத்தில், சமையல் நடக்கும் மூன்றாங்கட்டிலிருந்து குக்கர் விசில். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஆத்தா அடுப்பை அணைக்கும் சத்தம். அதையெல்லாம் கணினியில் எடுத்துவிடலாம் என்றான் பையன். ஒரு விசிலைக்கூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முற்றத்தில் கரைந்த காக்கையும் இருக்கட்டும்.

இரண்டாவது அவன் அமைத்தது. கிட்டாரில் இரண்டே சுரம் மாறி மாறிப் போகிறது, அதன் மேல் எங்கள் ஆயா, எங்கள் பாட்டி, பாடும் தாலாட்டு. கொண்டுவிக்க, வெளிநாட்டு வியாபாரத்துக்கு, கப்பலேறிப் போன ஆம்பிளைகள் திரும்பும்வரை பெண்கள் பாடிப் பாடி நீட்டிய தாலாட்டு, மாமன்மார் சீர் ஒவ்வொன்றாக வரும். ஆயாவுக்கு எண்பத்தெட்டு வயது. மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டார் அவருக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது!

கடைசி வரி முடிந்தபின் கிட்டார் நின்றுவிடுகிறது. தரையில் கைத்தடி ஊன்றும் சத்தம். ஆயாவின் குரல், இப்போது பாட்டில்லை: "போதுமாப்பா? இது உங்க அயித்தைக்கு அங்கிட்டுக் கேக்குமா?"

"கேக்குது ஆயா" என்று டிராமிலேயே சொல்லிவிட்டேன்.