காலையில் 94, மாலையில் 286

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, குறித்த நாளில் வீடு திரும்பினேன். அதன் பின் வந்த சர்க்கரை நோயைக் கண்டறிவதற்குள் ஏழு வாரங்கள் வீணாயின என்ற ஆதங்கம்தான் இன்னும் ஆறவில்லை.

புதிய சிறுநீரகத்துக்காக நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்ததால், தீராத தாகத்தையும் இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிப்பதையும் நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பரிசோதனையிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூறைத் தாண்டவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.6 என்று வந்ததும், சர்க்கரை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சையின்போது எனக்கு இரத்தம் ஏற்றியிருந்தார்கள் என்பதையும், அதனால் அந்த எண் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதையும் அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தொடக்க மாதங்களில் ஹெச்பிஏ1சியை மட்டும் நம்பக் கூடாது என்று 2014-இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுப் பரிந்துரையே எச்சரிக்கிறது.

ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு, அண்ணனின் குளுக்கோமீட்டரில் விளையாட்டாகத்தான் விரலைக் குத்திப் பார்த்தேன். 286 என்று காட்டியது. கையைக் கழுவிவிட்டு மறுபடியும் பார்த்தேன், 279. அன்று முதல் காலை, மதியம், மாலை, இரவு என நான்கு கட்டம் போட்டு ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அதை எடுத்துக்கொண்டு போனபோது, வீட்டில் பார்த்த கணக்கெல்லாம் செல்லாது, ஆய்வக அறிக்கை வேண்டும் என்றார் முன்பதிவுப் பணியாளர். ஆய்வகத்துக்குப் போனால், சீட்டில் வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டுமே எழுதியிருக்கிறது என்று ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை என்று சீட்டில் தெளிவாக எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கிளம்புங்கள்.

இரண்டாம் முறை சென்றபோது 241 வந்தது. 200-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்தான். சிறுநீரக மருத்துவர் என் நோட்டில் மாலைக் கட்டத்தின் மீது விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, நிதானமாக விளக்கினார். காலையில் விழுங்கும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பிற்பகலிலிருந்து இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது, இரவுக்குள் அதன் வேகம் தணிவதால் விடிகாலைச் சர்க்கரை சரியாக இருக்கிறது. இதனுடன், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தும், இன்சுலின் சுரப்பைக் குறைப்பதால், சேர்ந்துகொள்கிறது. அவர் அந்த நோட்டைப் புரட்டிய அந்த நிமிடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் இன்சுலின் ஊசி தொடங்கியதும் ஒரே வாரத்தில் தாகம் அடங்கியது. சர்க்கரைக்குப் பயந்து டாக்ரோலிமஸை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். உடல் சிறுநீரகத்தையே நிராகரித்துவிடக்கூடும். பிரட்னிசோலோன் அளவைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும், இன்சுலினையும் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் அன்றைக்கே கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட வாரத்தில், பிற்பகலில் 58-க்கு இறங்கி, குளுக்கோஸ் பொட்டலத்தைக்கூடப் பிரிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது.