ஏஆர் காலர் கண்ட அமெரிக்க வைத்தியம்

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் போதும், மருத்துவத்தில் அரசாங்கம் தலையிடலாமா கூடாதா என்று சண்டை கிளம்பிவிடும். அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தர வேண்டிய பாக்கியைப் போன் போட்டுக் கேட்பதுதான் என் பிழைப்பு (ஏஆர் காலிங் என்பார்கள், ராத்திரி வேலை). அதனால் இந்தச் சண்டையை நான் க்ளைம் (இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பும் பில்) பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்கமே ஆஸ்பத்திரி நடத்த வேண்டுமா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஆனால் எது கவர் ஆகும், யார் எவ்வளவு தர வேண்டும், எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்ற விதியை எழுதி, எழுதியதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைப்பது அரசாங்கத்தின் வேலை. அதைக் கம்பெனிகள் கையில் விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தினமும் ஹெட்செட்டில் கேட்கிறது.

எங்கள் டீமில் மெடிகேர் க்ளைம் கைக்கு வந்தால் யாரும் முனகமாட்டார்கள். 1965இல் ஜான்சன் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்த அரசுக் காப்பீடு அது, பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு. எலெக்ட்ரானிக் க்ளைமைக் குறையில்லாமல் அனுப்பியிருந்தால் இரண்டு வாரம் கழிந்ததும் பணத்தை எதிர்பார்க்கலாம், 30 நாள் தாண்டினால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்று விதி. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்ற பட்டியலும், எந்த நோய்க்கு எந்த டெஸ்ட் கவர் ஆகும் என்ற விவரமும் இணையத்திலேயே கிடக்கின்றன. மறுத்தால்கூட ஏன் மறுத்தார்கள் என்று பெரும்பாலும் போன் போடாமலே கண்டுபிடித்துவிடலாம். அதே மெடிகேரைத் தனியார் கம்பெனி நடத்தும் அட்வான்டேஜ் பிளானாக ஒருவர் மாற்றிக்கொண்டிருந்தால் கதையே வேறு. அதே ஆள், அதே வியாதி, ஆனால் ஸ்கேன் எடுக்குமுன் எங்களிடம் அனுமதி வாங்கினீர்களா என்பார்கள். வாங்கவில்லையா, சிஓ 197, அதாவது முன் அனுமதி இல்லை என்ற மறுப்பு, போய்விட்டு வாருங்கள்.

தனியார் கம்பெனிக்குப் போன் போட்டால் முதலில் மெஷின் பேசும். டாக்ஸ் ஐடி, என்பிஐ (வைத்தியம் செய்தவரின் அடையாள எண்), மெம்பர் ஐடி, பிறந்த தேதி, சிகிச்சை தேதி எல்லாவற்றையும் அதற்குச் சொல்லிவிட்டு, ஹோல்டில் பாட்டும் கேட்டு, கடைசியில் ரெப் (கம்பெனியின் ஊழியர்) லைனுக்கு வந்ததும் அத்தனையையும் மறுபடி ஒப்பிக்க வேண்டும். ஒரு க்ளைம், நெஞ்சு வலி என்று எமர்ஜென்சிக்கு வந்து இரண்டு நாள் தங்கியவருடையது. சிஓ 50, மருத்துவ அவசியம் இல்லை. எந்த விதிப்படி அவசியம் இல்லை என்று கேட்டேன். எங்கள் கைட்லைன்படி என்றார் ரெப். அந்தக் கைட்லைனைக் கொஞ்சம் அனுப்புங்களேன் என்றால், அது தன் ஸ்க்ரீனில் இல்லை, டாக்டர் ரிவ்யூ செய்திருக்கிறார், வேண்டுமானால் அப்பீல் போடுங்கள் என்று ஒரு ஃபேக்ஸ் நம்பர் கொடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவரும் என்னைப் போல முன்னால் இருப்பதைப் படிக்கிறவர்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து ரெக்கார்டைத் திரட்ட, டாக்டர் கடிதம் எழுத, நாங்கள் ஃபேக்ஸ் அனுப்ப, வரவில்லை என்று அவர்கள் சொல்ல, நாங்கள் மறுபடி அனுப்ப, இதில் வைத்தியம் எங்கே இருக்கிறது? இந்தச் செலவெல்லாம் கடைசியில் யாரோ கட்டும் பிரீமியத்தில்தான் வந்து விழுகிறது. (என் சம்பளமும் அதில் அடக்கம், அது வேறு விஷயம்.)

2010இல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைத் திட்டுகிறவர்கள் நிறைய. ஏற்கெனவே இருக்கும் வியாதியைக் காட்டிப் பாலிசி தர மறுக்கும் வழக்கம் 2014இலிருந்து நின்றது, பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோர் பிளானில் இருக்கலாம் என்று ஆனது. இவை இரண்டும் எளிதில் புரிகிற விஷயங்கள், விட்டுவிடலாம். நான் அடிக்கடி முட்டிக்கொள்வது நோய்த் தடுப்புப் பரிசோதனைகளில். கோலனோஸ்கோப்பியை (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். வயது வந்துவிட்டது என்று ஒருவர் ஸ்க்ரீனிங்குக்குப் போகிறார், சட்டப்படி இலவசம். உள்ளே ஒரு பாலிப் (சிறு சதை வளர்ச்சி) இருந்தால் டாக்டர் அங்கேயே எடுத்துவிடுவார், விட்டுவிட்டா வருவார்? ஆனால் எடுத்த மாத்திரத்தில் பில்லில் கோட் மாறிவிடுகிறது. அதன் பக்கத்தில், இது நோய்த் தடுப்புப் பரிசோதனைதான் என்று காட்டும் 33 என்ற மாடிஃபையர் (கோடுடன் சேர்க்கும் குறி) விட்டுப்போனால், கம்பெனியின் சிஸ்டம் அதைச் சிகிச்சையாகக் கணக்கெடுத்து டிடக்டபிளில் (கம்பெனி தரத் தொடங்குமுன் நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) தள்ளிவிடும், மயக்கம் தெளிந்து வீட்டுக்குப் போனவருக்குப் பெரிய பில் போகும். பாலிப் எடுப்பதும் ஸ்க்ரீனிங்கில் சேர்த்திதான் என்று 2013இல் அரசாங்கம் தெளிவாகவே சொல்லிவிட்டது. சொன்னதால்தான் எனக்கு இன்றைக்கு ரெப்பிடம் வாதாட ஒரு பிடி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் மெடிகேரில் இதே ஓட்டையை அடைக்கச் சட்டம் வர 2020 டிசம்பர் ஆனது, அதுவும் படிப்படியாகக் குறைத்து 2030இல்தான் நோயாளியின் பங்கு பூஜ்யமாகும்.

அரசாங்கம் எழுதிவிட்டால் எல்லாம் நல்ல விதி என்றும் சொல்லவரவில்லை. மானியத்தில் பிளான் வாங்கியவர் பிரீமியம் கட்டாமல் நின்றுவிட்டால் மூன்று மாத அவகாசம் உண்டு. முதல் மாத க்ளைம்களுக்குக் கம்பெனி பணம் தந்தாக வேண்டும், அடுத்த இரண்டு மாதத்தை நிறுத்திவைக்கலாம், கடைசிவரை கட்டவில்லை என்றால் மறுத்துவிடலாம். வைத்தியம் செய்த டாக்டர், ஆஸ்பத்திரி தலையில்தான் அது விடிகிறது. ஏழைகளுக்கான மெடிகெய்டு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கொடுக்கிற தொகையும் குறைவு என்பதால் அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளாத டாக்டர்களும் உண்டு. அப்புறம், அப்பா அம்மா இருவரிடமும் இன்சூரன்ஸ் இருந்தால் குழந்தைக்கு யாருடையது முதலில் என்பதை, வருடத்தில் யாருடைய பிறந்தநாள் முன்னால் வருகிறது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் எல்லோரும் அதையே பின்பற்றுவதால் சண்டை அதோடு முடிகிறது.

2015 அக்டோபர் 1 அன்று, பில்லில் நோயைக் குறிக்கும் கோட் எண்கள் மொத்தமாக ஐசிடி 10 என்ற புதிய பட்டியலுக்கு மாறின. சுமார் 14,000 ஆக இருந்த பட்டியல் கிட்டத்தட்ட 70,000 ஆனது, கிளி கடித்தால் அதற்கும் தனி கோட் எண். பணவரவே நின்றுவிடும் என்று பயமுறுத்தினார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே தேதி, ஒரே பட்டியல். ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிகளிடம் விட்டிருந்தால் இன்னும் முடிந்திருக்காது.

முன் அனுமதி விஷயத்திலும் இப்போது ஏதோ நடக்கிறது. 2024இல் வந்த விதிப்படி, 2026 முதல் அட்வான்டேஜ் பிளான்கள் அவசரம் என்றால் 72 மணி நேரத்திலும், மற்றபடி 7 நாளிலும் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் குறிப்பான காரணம் தர வேண்டும். ஆனால் முதலாளிகள் தங்கள் ஊழியர்களுக்குத் தாங்களே பணம் போட்டு நடத்தும் பிளான்களுக்கு இந்த விதி கிடையாது. 1974இன் எரிசா என்ற மத்திய அரசுச் சட்டத்தால் மாநிலங்களின் காப்பீட்டுச் சட்டமும் அவற்றின்மேல் செல்லாது. வாஷிங்டன்தான் கை வைக்க வேண்டும். அதுவரை அந்தக் க்ளைம்களுக்கு நாங்கள் ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டுதான் இருப்போம்.