ஜீப்ரா ஃபின்ச்சும் குவாலிஃபையரும்: கன்ட்ரோலை முதலில் படியுங்கள்

குவாலிஃபையர் (பிஎச்டியில் தொடர வைக்கும் தகுதித் தேர்வு) ஓரல், அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்தது. பாஸ். கமிட்டியில் ஒருவர் கடைசி வரை முறைத்தபடியே கையெழுத்துப் போட்டார், போகட்டும். இங்கே அமெரிக்காவில் நியூரோசயின்ஸ் பிஎச்டி செய்யும் நம் ஆட்கள் சிலர் எப்படித் தயாரானேன் என்று கேட்டார்கள், அதற்காக எழுதுகிறேன். என் புரொபோசல் (ஆய்வுத் திட்டம்), மூளையில் அடிபட்டதும் பாடும் பறவைகளில் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும் அரோமட்டேஸ் என்சைம் ஏன் கூடுகிறது என்பதைப் பற்றியது.

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். எந்தப் பேப்பரை எடுத்தாலும் ரிசல்ட்டுக்குப் போகும் முன் கன்ட்ரோலை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பகுதியை, படியுங்கள். அறிமுகப் பகுதியை நான் பல பேப்பர்களில் தொடவே இல்லை.

2004-இல் வின், சல்தானா இருவரும் செய்த ஆய்வைப் பாருங்கள். ஜீப்ரா ஃபின்ச் என்ற சிறிய பாடும் பறவையின் மூளையில் ஒரு பக்கம் ஃபாட்ரோசோல், மறுபக்கம் கன்ட்ரோலாக வெறும் சலைன் (உப்பு நீர்). ஊசி குத்திய காயம் இரண்டு பக்கமும் உண்டு. ஃபாட்ரோசோல் அரோமட்டேஸைத் தடுக்கும் மருந்து. அது போன பக்கத்தில் காயம் பெரிதாகிறது. "காப்பாற்றுவது ரத்தத்தில் வரும் ஈஸ்ட்ரோஜனாக இருக்கலாமே?" என்று என்னைக் கேட்டார்கள். நான் போர்டில் மூளையை வரைந்து நடுவே ஒரு கோடு போட்டேன். ஒரே பறவை, இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே ரத்தம். அப்படியானால் வித்தியாசம் காயத்தின் இடத்திலேயே உருவாகிறது. அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து கேள்வியே வரவில்லை.

அடுத்து, "எந்த செல்?" என்பது. பாடும் பறவைகளின் மூளையில் அரோமட்டேஸ் சாதாரணமாகவே அதிகம், ஆனால் அது இருப்பது நியூரான்களில். அடிபட்ட பிறகு காயத்தைச் சுற்றியுள்ள ஆஸ்ட்ரோசைட், ரேடியல் கிளியா போன்ற கிளியா செல்களில் (நியூரான்களுக்குத் துணையாக இருப்பவை) அது புதிதாகத் தோன்றுகிறது. பீட்டர்சன், சல்தானா, ஷ்லிங்கர் மூவரும் 2001-இல் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான மரபணு நகல்), புரதம் இரண்டும் கூடுவதைக் காட்டினார்கள். பதிலில் வெறுமனே "அரோமட்டேஸ் கூடுகிறது" என்று நிறுத்தினால் பிடித்துக்கொள்வார்கள்.

என்னிடம் கேட்டவை, நினைவில் உள்ள வரிசையில்:

- ஆண் மட்டும்தானே பாடுகிறது, பெண்ணில் என்ன? பெண்ணிலும் இதே ஏற்றம் உண்டு. பாட்டுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.
- தூண்டுவது காயமா, அழற்சியா? 2011-இல் டங்கன், சல்தானா அழற்சியைத் தூண்டும் பொருளைச் செலுத்தியபோது, ஊசித் தடத்துக்கு அப்பால் அடிபடாத இடத்திலும் கிளியாவில் அரோமட்டேஸ் வந்தது. இது கட்டாயம் வரும் கேள்வி.
- பாலூட்டிகளில்? அங்கும் உண்டு. மாட்ரிட்டில் கார்சியா-செகுரா குழு 1999-இல் காட்டியது.
- இரண்டாம் அலைச் சிதைவு, அதாவது முதல் காயத்துக்குப் பிறகு சுற்றியுள்ள செல்களும் அழிவது? பாலூட்டிகளில் நன்றாகத் தெரிகிற ஒன்று. ஃபின்ச்சில் அரோமட்டேஸைத் தடுத்தால்தான் வெளிப்படுகிறது (2008). எனக்கு மிகவும் பிடித்த ரிசல்ட் இது. தடுத்துப் பார்க்காத வரை, அப்படி ஒரு சேதம் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே தெரியாது.

முறைத்தவர் கேட்டது வேறு: "இதெல்லாம் பறவைக்குத்தானே, நமக்கு என்ன?" மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லெட்ரோசோல் தடுப்பதும் இதே என்சைமைத்தான் என்றேன். அதைப் போய் மனித மூளைக்கு நீட்ட வைக்கப் பார்த்தார். "அதற்கான டேட்டா என் புரொபோசலில் இல்லை" என்று நிறுத்திக்கொண்டேன். தெரிந்த இடத்தில் நிற்பதற்கு மார்க் குறையாது, நீட்டினால்தான் ஆபத்து.

கூடிப் படிப்பது எனக்கு ஒத்துவராது. மாக் ஓரல் (ஒத்திகைத் தேர்வு) வைக்கச் சொல்லி சீனியர்கள் நச்சரித்தார்கள், நான் போகவில்லை. பதிலாக ராத்திரியில் காலி செமினார் ரூமில் ஒயிட்போர்டில் ஒவ்வொரு சோதனையையும் நினைவிலிருந்து வரைந்தேன். கன்ட்ரோல் கட்டம் மட்டும் சிவப்பு மார்க்கர். பேசிப் பேசியே படிப்பவர்களுக்கு இது சரிப்படாமல் போகலாம்.

புள்ளியியலுக்கு என்னிடம் யோசனை இல்லை, வேறு யாரையாவது கேளுங்கள். ஆனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரே பறவையின் இரண்டு பக்கங்களை ஒப்பிட்டால் ஜோடி டெஸ்ட் (paired test). ஏன் என்று அங்கேயே நிற்க வைத்துக் கேட்பார்கள்.

அப்புறம், ஸ்லைடில் மைக்ரோஸ்கோப் படம் போட்டால் ஸ்கேல் பார் (அளவைக் காட்டும் கோடு) இருக்கிறதா என்று பாருங்கள்.