கொட்டானைக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள், ஆச்சி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பது என் வேலை. வாரத்தில் முக்கால் மணி நேரம் என்னிடம் இருக்கும் குழந்தை மீதி நேரமெல்லாம் வீட்டில்தான் இருக்கிறது. ஆகவே என் வேலையில் பாதிக்கு மேல் பெரியவர்களிடம் பேசுவதாகவே அமைகிறது. அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு மிகக் கடினமாக இருப்பது, குழந்தைக்காகக் காத்திருக்கச் சொல்வதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டே முக்கால் வயதுச் சிறுவன் ஒருவனை அவன் அப்பத்தா அழைத்து வந்தார். பெற்றோர் வெளியூரில் வேலை பார்த்தார்கள். இரண்டு வயது முடியும்போது ஏறத்தாழ 50 சொற்களும், 'பால் தா', 'அம்மா வா' என இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் எதிர்பார்க்கப்படும். இவனிடம் 'அம்மா'வும் ஒரு 'ம்ம்'மும் மட்டுமே இருந்தன. "அவன் அப்பனும் மூணு வயசுலதாம்மா வாயைத் தொறந்தான்" என்றார் ஆச்சி. இந்தச் சொல்லை நம்பி ஓராண்டை இழந்த குழந்தைகளைப் பார்த்திருப்பதால், முதலில் செவித்திறனைச் சோதித்து வரும்படி மதுரைக்கு அனுப்பினேன். குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கும் 'பேரா' (BERA) என்னும் பரிசோதனை அது. கைதட்டினால் திரும்புகிறானே என்று பலரும் தயங்குவார்கள். தட்டு விழும் ஓசை கேட்கிற காதுக்கு 'ச' போன்ற மெல்லிய ஒலி கேட்காமல் போகலாம். இங்குள்ள வீடுகளில் பட்டாலை எனப்படும், எதிரொலிக்கும் பெரிய கூடத்தில் கைதட்டிப் பார்ப்பதை நான் சோதனையாகக் கொள்வதே இல்லை.

காது நன்றாக இருந்தது. செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வந்தான்; சொன்னது புரிந்தது. பிறகு ஏன் பேச்சு வரவில்லை என்பதற்கு ஒரு பகுதி விடை, அவர்கள் வீட்டுக்குப் போனபோது கிடைத்தது. வளவு எனப்படும் முற்றத்தில் தூணோரம் அமர்ந்திருந்தோம். அவன் மாடத்திலிருந்த கொட்டானை, பலகாரம் வைக்கும் சிறு ஓலைக்கூடையை, ஒரு கணம் பார்த்தான். ஆச்சி பேச்சை நிறுத்தாமலேயே கையை நீட்டிச் சீப்புச் சீடை இரண்டை எடுத்து அவன் கையில் வைத்தார். தண்ணீரும் அப்படியே வந்தது. கண் போன திசையில் எல்லாம் கிடைத்துவிடும் வீட்டில் அவனுக்குக் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. அது அன்பின் குறை அன்று, அன்பின் வேகம். ஆச்சியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வராது.

கொட்டானை அவன் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாதபடி வைக்கச் சொன்னேன். அவன் பார்த்ததும் 'தா' என்று ஒருமுறை சொல்லிக்காட்டிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும் வரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். அவன் எந்த ஒலி எழுப்பினாலும் உடனே கொடுத்துவிட வேண்டும். சொன்னால்தான் தருவேன் என்று அழவைக்கக் கூடாது. முதல் நாள் ஆச்சியால் நான்குக்கு மேல் எண்ண முடியவில்லை. பிள்ளை ஏங்குகிறானே என்று கண் கலங்கினார்.

பணியின் தொடக்கத்தில் நானும் தவறு செய்திருக்கிறேன். குழந்தைகள் தொட்டே பார்த்திராத பொருள்களின் படங்களை அட்டை அட்டையாகக் காட்டிப் பெயர் கேட்டேன். அவை வாயை மூடிக்கொண்டதைப் பிடிவாதம் என்று குறித்துவைத்தேன். இப்போது என் பையில் மரச் சொப்பும் சிறு முறமும் இருக்கின்றன. அதேபோல் நான்கு வயதுக் குழந்தை 'பளம்' என்கிறது, திருத்துங்கள் என்று வருவோரும் உண்டு. ழகரம் குழந்தைகளுக்குப் பிந்தியே வசப்படும் ஒலி. அதோடு வீட்டில் பெரியவர்களே 'பளம்' என்று பேசும் வட்டாரம் இது. குழந்தை கேட்டதைச் சரியாகத்தான் சொல்கிறது, அதில் எனக்கு வேலையில்லை. பேச்சு வரட்டும் என்று வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பதை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம் அவன் 'தா' என்றான். ஆச்சிக்கு எழுதும் பழக்கம் இல்லாததால், புதிதாக ஒரு சொல் வரும்போதெல்லாம் பல்லாங்குழியில் ஒரு சோழி போட்டுவைக்கச் சொல்லியிருந்தேன். அடுத்த முறை போனபோது பலகையை என் முன் வைத்தார். ஒன்பது சோழிகள் இருந்தன; பத்தாவது அவர் உள்ளங்கையில் இருந்தது.

"நேத்துலேர்ந்து எதைக் குடுத்தாலும் 'வேணாம்'ங்கிறான். அதையும் சேத்துக்கலாமா?"

சேர்த்துக்கொள்ளுங்கள் ஆச்சி என்றேன். அவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அந்தச் சோழிக்காகக் கையை நீட்டி, "தா" என்றான். ஆச்சி என்னைப் பார்க்காமலேயே கொடுத்துவிட்டார்.