கைகோத்த பிடி: கடலூர் கபடிப் பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 16, 2025

பதினான்கிலிருந்து பதினேழு வயதுக்குள் பன்னிரண்டு பையன்கள். கோட்டுக்குள் ஏழு பேர், வெளியே ஐந்து பேர். மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாலை நாலரைக்குப் பயிற்சி. இந்த வாரம் முழுக்க செயின் பிடி மட்டும், அதாவது இருவர் கைகோத்து ரைடரை, பாடி வரும் எதிரணி ஆளை, மடக்கிப் பிடிப்பது.

கார்னரில், அதாவது ஓரத்தில், நிற்பவனும் பக்கத்தில் நிற்பவனும் விரல்களைக் கொக்கி மாதிரி மடக்கி மாட்டிக்கொள்ள வேண்டும். விரலுக்குள் விரலைப் பின்னினால், ரைடர் முட்டி உடைக்கும்போது விரல் பிசகும். முழங்காலை மடக்கி இருவரும் ஒரே அளவு தாழ்ந்து நிற்கணும். ஒருவன் நிமிர்ந்தாலும் போச்சு, ரைடர் குனிந்து கைக்கு அடியில் புகுந்துவிடுவான். பிடிக்க இறங்கும் நேரத்துக்குச் சைகை, கையை ஒருமுறை அழுத்துவது.

ஜூன் 18

இடதுபக்க ஜோடியின் கைகளை மட்டும் அரை மணி நேரம் கவனித்ததில் தெரிந்தது இது. ரைடர் திரும்புகிறான், கார்னர் கையை அழுத்துகிறான், இருவரும் ஓரடி வைக்கிறார்கள். மோதுவதற்குச் சற்று முன் பக்கத்தில் இருப்பவனின் விரல்கள் விரிந்துவிடுகின்றன. பலக்குறைவு இல்லை, மெதுவாகச் செய்து பார்க்கும்போது அதே கை நன்றாகத்தான் இறுக்குகிறது. அவன் கண் ரைடரின் காலில் இல்லை, கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச்சின் முகத்தில் இருக்கிறது.

கணக்கு எளிது. பிடிக்க இறங்கித் தவறினால், ரைடர்மேல் பட்டவன் எல்லாம் அவுட், தலைக்கு ஒரு புள்ளி எதிரணிக்கு, மேலே திட்டும் விழும். இறங்காமல் நின்றால் திட்டு கார்னருக்குத்தான். திட்டுக்குப் பயந்த பையன் கையை விடுவது அவனளவில் புத்திசாலித்தனம். அணிக்குத்தான் ஓட்டை.

ஜூன் 20

வெளியே உட்காரும் பையனிடம் நாலு கட்டம் போட்ட தாள்: தட்டிக்கொடுத்தது, திருத்தியது, திட்டியது, இன்னொருவனோடு ஒப்பிட்டது. இருபது நிமிடம் கோச் பேசுவதை எல்லாம் கோடு போட வேண்டும். நாலாவது கட்டத்தைத்தான் முதலில் காலியாக்க வேண்டும். “அவனைப் பாத்துக் கத்துக்கோ” என்ற ஒரு வாக்கியம் இரண்டு பேரைப் பிரித்துவிடும்.

ஜூன் 23

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளுக்குப் பயிற்சி தந்து ஆராய்ந்தார்கள். 1979இல் வெளியான முடிவு: தவறுக்குப் பின் ஊக்கமும் திருத்தமும் தரப் பழகிய கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளுக்கு, சக ஆட்டக்காரர்களிடமும் கூடுதல் ஒட்டுதல். வெற்றிக் கணக்கில் மற்ற அணிகளோடு வித்தியாசம் இல்லை. கோச் ஒருவனிடம் பேசும் விதத்தைப் பார்த்துத்தான் மற்றவர்களும் அவனை நடத்துகிறார்கள்.

பிடி நழுவிய பின் கோச் செய்ய வேண்டியது மூன்றே. ரெய்டு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. பின், செய்ததில் சரியானது ஒன்று, திருத்தம் ஒன்று: “இறங்கினது சரிடா தம்பி. அடுத்த தடவை இடுப்பைத் தாழ்த்து.” இதை ஜோடியில் இருவரையும் பார்த்துச் சொல்லணும். கவனமில்லாமல் ஆடியதைப் பாராட்டக் கூடாது, பையன்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜூன் 27

தேவனாம்பட்டினத்துப் பையன்கள் ஒரு ஜோடி, முதுநகர்ப் பையன்கள் ஒரு ஜோடி. தானாக விட்டால் இப்படித்தான் சேருவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடி மாற்றம், சீனியரோடு ஜூனியர். பேச்சுப் பழக்கம் தானாக வரும் என்று விட்டுவிட முடியாது. கடற்கரை மணலில் ஓடப்போகும்போதும் அதே கலப்பு ஜோடிதான்.

சேர்ந்து சிரிப்பது வேறு, சேர்ந்து பிடிப்பது வேறு. 13 முதல் 17 வயதுக்காரர்களுக்காக 2009இல் வந்த 18 கேள்விக் கேள்வித்தாள் இரண்டையும் தனித்தனியாக அளப்பது அதனால்தான். ஒன்று நன்றாக இருப்பதைப் பார்த்து மற்றதும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

ஜூலை 2

பயிற்சி ஆட்டம். பிடித்ததை எண்ணுவதோடு, சைகைக்கு இருவரும் சேர்ந்து இறங்கினார்களா என்பதையும் எண்ணுகிறோம். சேர்ந்து இறங்கினால் பிடி நழுவினாலும் ஒரு கோடு.

மூன்று பேர் மிஞ்சும் நேரம்தான் சோதனை. அப்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி, அவுட் ஆனவனும் உள்ளே வரலாம். கத்தல் அதிகம் வருவதும் அப்போதுதான். இன்று அந்தக் கட்டம் நாலு முறை வந்தது, கோச் வாய் திறக்கவில்லை. இடதுபக்க ஜோடி நாலு முறையும் இறங்கியது, ரைடர் பிடிபட்டது ஒருமுறை. நாளைக்கு அந்த ஜோடியையே வலதுபக்கம் மாற்றிப் பார்க்க வேண்டும்.